நூலகத்துக்குக் கொடுத்த 6 சென்ட்: தானப் பத்திரத்தை ரத்து செய்ய முடியுமா?

கேள்வி, 7 ஜூன் 2025

என் அப்பா 2009-ல் எங்கள் ஊராட்சிக்கு நூலகம் கட்ட 6 சென்ட் இடத்தைத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்து கொடுத்தார். பதினாறு வருஷம் ஆச்சு, ஒரு செங்கல் வைக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் அதில் வைக்கோல் போர் போட்டிருக்கிறார். அப்பாவுக்கு 78 வயது. "நான் இருக்கும்போதே ரத்து பண்ணிடு" என்கிறார். பத்திரம் எழுதுபவரும் "கொடுத்தவர் உயிரோடு இருந்தால் ரத்துப் பத்திரம் போட்டுவிடலாம்" என்கிறார். சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தாத தானம் செல்லாதுதானே?

7 ஜூன், இரவு

செல்லும். ரத்து செய்ய முடியாது. பத்திரம் எழுதுபவர் சொல்வதைக் கேட்டுக் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

சொத்து மாற்றச் சட்டம் 1882, பிரிவு 126. தானத்தைத் திரும்பப் பெற இரண்டே வாசல்தான். ஒன்று, கொடுப்பவரும் பெறுபவரும் அன்றைக்கே ஒத்துக்கொண்ட ஷரத்து: "இன்னது நடந்தால் தானம் ரத்து" என்று. அந்த "இன்னது" கொடுத்தவருடைய விருப்பத்தைப் பொறுத்ததாக இருக்கக் கூடாது. இரண்டாவது, ஓர் ஒப்பந்தத்தை எந்தக் காரணங்களுக்காக ரத்து செய்யலாமோ அவை: ஏமாற்று, மிரட்டல், தகாத செல்வாக்கு, பொய்த் தகவல். இவற்றைச் சொல்லி நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பிரதிபலன் கிடைக்கவில்லை என்பது மட்டும் காரணமாகாது என்று அந்தப் பிரிவே வெட்டி எறிந்திருக்கிறது. நூலகம் வரவில்லை என்ற ஆதங்கம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

"என் இஷ்டத்துக்கு எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்வேன்" என்று எழுதி வைத்திருந்தாலும் உதவாது. அந்த அளவுக்குத் தானமே செல்லாது. சட்டம் தரும் உதாரணம் இது: ஒருவர் ஒரு லட்சம் ரூபாய் தானம் கொடுக்கிறார், அதில் 10,000-ஐ நினைத்தபோது திரும்ப எடுத்துக்கொள்ளும் உரிமையை வைத்துக்கொள்கிறார். 90,000-க்குத் தானம் நிற்கும். அந்த 10,000 கொடுத்தவரை விட்டுப் போகவே இல்லை.

முதலில் பத்திரத்தை எடுத்துக் கடைசிப் பக்கம் வரை படியுங்கள். ரத்து ஷரத்து இருக்கிறதா, இல்லையா? மற்றதெல்லாம் அப்புறம்.

8 ஜூன், காலை

ஒன்று விட்டுப்போச்சு. பத்திரம் எழுதுபவர் சொன்னது பழைய நடைமுறை. ஒருகாலத்தில் தமிழ்நாட்டில் கொடுத்தவர் மட்டும் சார்பதிவகத்துக்குப் போய் ரத்துப் பத்திரம் பதிந்துவிட்டு வந்த கதைகள் நிறைய. கிரயப் பத்திரத்துக்கு அந்தக் கதவை 2011-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு சாத்தியது. 2022 செப்டம்பரில் இன்னொரு முழு அமர்வு தானம், செட்டில்மென்ட் இரண்டுக்கும் சாத்தியது. 126-வது பிரிவின்படியான ரத்து அதிகாரம் பத்திரத்திலேயே இருந்தால்தான் விதிவிலக்கு. உயில் வேறு சங்கதி, எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொண்டே போகலாம். உங்கள் ஊர்ப் பத்திர எழுத்தர் உயிலையும் தானத்தையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறார் என்று நினைக்கிறேன்.

8 ஜூன், மாலை

கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார்: "ரத்து ஷரத்து இல்லை. ஆனால் ஊராட்சி இந்தத் தானத்தை ஏற்றுக்கொள்ளவே இல்லை. பட்டா இன்னும் அப்பா பெயரில்தான். தீர்வையும் நாங்கள்தான் கட்டுகிறோம்."

இது நல்ல கேள்வி. கேட்டவர் நினைப்பதைவிட நல்ல கேள்வி. பிரிவு 122-ன்படி தானம் முழுமை பெற, பெறுபவர் அதை ஏற்க வேண்டும். அதுவும் கொடுத்தவர் உயிரோடு, கொடுக்கும் தகுதியோடு இருக்கும்போதே. ஏற்பு இல்லாவிட்டால் தானம் இல்லை. அப்பா இருக்கிறார், ஆகவே இந்தக் கதவு இன்னும் திறந்திருப்பதுபோலத் தெரியும்.

ஆனால் ஏற்பு என்பதற்குத் தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துதான் வேண்டும் என்றில்லை. நடத்தையே போதும். இங்கே நீங்கள் படிக்க வேண்டிய வழக்கு ஒன்று இருக்கிறது, அதுவும் நம் கடலூர்ப் பக்கத்து நிலம். 1983 மார்ச் 5 அன்று ஒருவர் தமிழ்நாடு கதர் கிராமத் தொழில் வாரியத்துக்கு, கதர் லுங்கியும் நூலும் தயாரிக்க என்று சொல்லி நிலத்தைத் தானமாகப் பதிந்து கொடுத்தார். 1987 ஆகஸ்ட் 17 அன்று ரத்துப் பத்திரம் போட்டார். வாரியம் வழக்குப் போட்டது. 1994-ல் விசாரணை நீதிமன்றத்தில் தோற்றது, 1997-ல் மேல்முறையீட்டில் ஜெயித்தது, 2011-ல் உயர் நீதிமன்றத்திலும் ஜெயித்தது. 2024 அக்டோபர் 24 அன்று உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. ரத்து செல்லாது.

ஏற்பு இல்லை என்ற வாதம் அங்கேயும் வந்தது. பட்டா மாற்ற வாரியம் எடுத்த நடவடிக்கை, அதன் அலுவலகக் குறிப்பு இவற்றையெல்லாம் நீதிமன்றம் ஏற்பாகவே எடுத்துக்கொண்டது. சொன்ன காரியத்துக்குப் பயன்படுத்தவில்லை என்ற வாதத்துக்குப் பதில் இன்னும் நேரடியானது: பயன்படுத்தாவிட்டால் ரத்து என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் பேசலாம், எழுதவில்லை, ஆகவே இல்லை.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியவை: பத்திரத்தில் ஊராட்சித் தலைவர் கையெழுத்து இருக்கிறதா? மூலப் பத்திரம் யார் கையில் இருக்கிறது? ஊராட்சியின் சொத்துப் பதிவேட்டில் இந்த 6 சென்ட் ஏறியிருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் "ஏற்கவில்லை" என்று சொல்வது கஷ்டம். பட்டா அப்பா பெயரில் இருப்பது பெரிய ஆறுதல் இல்லை. பட்டா வருவாய்த் துறைக் கணக்கு, அதுவே உரிமை மூலம் ஆகாது.

11 ஜூன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன். எழுதுகிறேன்.

எங்கள் தாத்தா 1961-ல் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு 42 சென்ட் கொடுத்தார். காமராஜர் முதலமைச்சர். ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடந்த காலம். யார் வீட்டிலிருந்து பெஞ்சு, யார் வீட்டிலிருந்து கரும்பலகை, யார் வீட்டிலிருந்து நிலம் என்று போட்டி போட்டுக்கொண்டு கொடுத்தார்கள். தாத்தா ஊராட்சி ஒன்றிய ஆணையர் பெயருக்குத் தானப் பத்திரம் எழுதினார். நான் ஒன்றாம் வகுப்பு படித்தது அங்கேதான். 1989 மழையில் சுவர் விரிந்து, பள்ளியை ரோட்டோரத்துக்கு மாற்றினார்கள். தாத்தா இடத்தில் சீமைக்கருவேலம் முளைத்தது.

1996-ல் பெரியப்பா ரத்துப் பத்திரம் போட்டார். தாத்தா அப்போது உயிரோடு இல்லை. வாரிசு என்ற முறையில் போட்டார், சார்பதிவகத்தில் பதிந்தும் கொடுத்தார்கள். அந்தப் பத்திரத்தில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் நான். 24 வயது. பெரியப்பா கூப்பிட்டார், போனேன், போட்டேன். பத்திரத்தைப் படிக்கவில்லை. அப்பாவிடமும் சொல்லவில்லை.

அந்த 42-ல் 10 சென்ட்டைப் பெரியப்பா ஒருவருக்கு விற்றார். வாங்கியவர் பெண் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தைப் போட்டு வீட்டுக்கு அடித்தளம் எடுத்தார். 2003-ல் ஒன்றியம் வழக்குப் போட்டது. 2008-ல் தீர்ப்பு: தானம் நிற்கும், ரத்து செல்லாது, விற்றதும் செல்லாது. அப்பீலிலும் அதே. வாங்கியவருக்குப் பணத்தைத் திருப்பித் தரப் பெரியப்பா வீட்டில் நஞ்சை விற்றார்கள். அந்த மனிதர் இன்றைக்கும் என்னைத் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திருப்பிக்கொள்ள அவருக்கு உரிமை இருக்கிறது.

அதனால்தான் முதல் நாளே அவ்வளவு வெடுக்கென்று "முடியாது" என்று எழுதினேன். ரத்துப் பத்திரம் ஏதோ ஒரு மேஜையில் பதிந்துவிட்டால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். அதை நம்பி மூன்றாவது ஆள் பணம் போடுவார்.

12 ஜூன்

ஒருவர் கேட்கிறார்: "ஒன்றியம் ஏழு வருஷம் கழித்து வழக்குப் போட்டதே, ரத்துப் பத்திரத்தை எதிர்க்க மூன்று வருஷம்தானே காலக்கெடு?"

எங்கள் வக்கீலும் இதைத்தான் சொன்னார். நாங்களும் அதை நம்பித்தான் வழக்கை நடத்தினோம். பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கும் வழக்குக்குக் காலக்கெடு மூன்று வருஷம் (காலவரையறைச் சட்டம் 1963, சரத்து 59). ஆனால் ஒன்றியம் அதைக் கேட்கவில்லை. நிலம் தன்னுடையது என்று அறிவித்து, அதன் சுவாதீனத்தை, அதாவது நிலத்தையே கையில், கொடு என்று கேட்டது. அதற்குச் சரத்து 65, பன்னிரண்டு வருஷம். 2024 உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் கதர் வாரியத்துக்கு இதையே சொல்லியிருக்கிறது. ஆரம்பத்திலேயே செல்லாத ரத்துப் பத்திரத்தைத் தனியாக ரத்து செய்யச் சொல்லி யாரும் ஓட வேண்டியதில்லை. 2008-ல் இது எங்களுக்கு அநியாயமாகத் தெரிந்தது. இப்போது தெரியவில்லை.

15 ஜூன்

மூன்று பேர் மூன்று சட்டம் கொண்டு வந்திருக்கிறார்கள்.

முதலாவது: "மூத்த குடிமக்கள் சட்டத்தில் அப்பா எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கலாமே?" பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007, பிரிவு 23. பெற்றவர் அடிப்படை வசதிகளையும் தேவைகளையும் கவனித்துக்கொள்வார் என்ற நிபந்தனையோடு கொடுத்து, அவர் கவனிக்காமல் விட்டால் அது செயல்படும். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு தாய் மகனுக்குக் கொடுத்த தானத்தை இந்தப் பிரிவில் ரத்து செய்து நிலத்தை அவரிடமே சேர்த்தது. நியாயமான தீர்ப்பு. ஆனால் அது வீட்டுக்குள் நடக்கும் விஷயம். ஊராட்சி உங்கள் அப்பாவுக்குச் சோறு போடுவதாக ஏற்றுக்கொள்ளவில்லையே.

இரண்டாவது: "ஐந்து வருஷம் பயன்படுத்தாத நிலத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 2013 சட்டம் சொல்கிறது." அது நிலம் எடுப்புச் சட்டம், பிரிவு 101. அரசு கட்டாயமாக எடுத்த நிலம் ஐந்து வருஷம் சும்மா கிடந்தால் பழைய உரிமையாளருக்கோ வாரிசுக்கோ, இல்லையென்றால் நில வங்கிக்கோ போகும். மனமுவந்து கொடுத்த நிலத்துக்குப் பொருந்தாது. பிடுங்கியதற்குத் திரும்பும் வழி இருக்கிறது, கொடுத்ததற்கு இல்லை என்பது எனக்கும் உறுத்துகிறது. தானமாகக் கொடுத்தவருக்கும் இப்படி ஒரு பிரிவு வேண்டும் என்று யாராவது சட்டமன்றத்தில் கேட்டால் நான் கைதட்டுவேன். இன்றைக்கு அது இல்லை.

மூன்றாவது: இஸ்லாமியர் தங்கள் சட்டப்படி செய்யும் தானமான ஹிபாவுக்கு இந்த விதிகள் அப்படியே வராது, பிரிவு 129 விலக்கு தருகிறது. அதற்குள் போகும் படிப்பு எனக்கில்லை.

19 ஜூன்

"தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா" என்று ஒருவர் கேலி செய்திருக்கிறார். சிரித்துவிட்டேன். அந்தப் பழமொழி மாட்டை வாங்கியவனுக்குச் சொன்னது ஐயா. கொடுத்தவன், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறானா என்று வேலியோரம் எட்டிப் பார்க்கலாம். இந்த இழை முழுக்க நான் சொல்லிக்கொண்டிருப்பது அந்த எட்டிப் பார்க்கும் உரிமையைத்தான்.

கூடவே அவர் மனைப்பிரிவுப் பூங்கா பற்றியும் கேட்டார். அது தானம் என்ற பெயரில் நடக்கும் வேறு சங்கதி. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனைப்பிரிவு போட்டால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் செய்து கொடுக்க வேண்டும். அது பாசத்தில் கொடுத்தது இல்லை, அனுமதிக்குக் கொடுத்தது. அந்தப் பூங்காவைக் காட்டித்தான் மனையை விற்றிருக்கிறார்கள். பத்து வருஷம் கழித்து "பூங்கா அமைக்கவில்லை, திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்று மனைப்பிரிவு போட்டவர் வந்தால் முதலில் எதிர்க்க வேண்டியவர்கள் மனை வாங்கியவர்கள். உள்ளாட்சியாலும் அதை வேறு காரியத்துக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தபோது குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீட்டை அடித்தது.

24 ஜூன்

வாய்மொழித் தானம் பற்றித் தனிச் செய்தி ஒன்று வந்தது. பொதுவில் பதில் சொல்கிறேன், பல ஊரில் இதே கதை. "தாத்தா வாயால் சொல்லி இடம் கொடுத்தார். பள்ளிக்கூடம் கட்டி 40 வருஷம் ஆகிறது. பத்திரமே கிடையாது. இடம் எங்களுடையதுதானே?"

ஒரு பாதி, ஆமாம். பிரிவு 123: அசையாச் சொத்தைத் தானம் செய்யப் பதிவுசெய்த பத்திரமும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம். வாய்ச்சொல்லால் உரிமை மாறாது. அரசு "எதிரிடை அனுபவம்" (பல வருஷம் அனுபவித்துவிட்டதாலேயே எனக்குச் சொந்தம்) என்று சொல்லிக்கொண்டு குடிமக்கள் நிலத்தை விழுங்கக் கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் 2020-ல் இமாசலப் பிரதேச வழக்கு ஒன்றில் கடுமையாகவே சொல்லியிருக்கிறது.

மறுபாதி, கட்டடத்தைக் காலி செய்யச் சொல்ல முடியுமா என்பது. அனுமதி கொடுத்து ஒருவர் அதை நம்பிச் செலவு செய்து நிலையான கட்டடம் எழுப்பிவிட்டால் அந்த அனுமதியைத் திரும்பப் பெற முடியாது. வசதியுரிமைச் சட்டம் 1882, பிரிவு 60. ஏடு உங்கள் பக்கம், கட்டடம் அவர்கள் பக்கம். இப்படிப்பட்ட இடத்தில் நிலத்தை விற்கக் கிளம்பாமல், முறையாகப் பதிந்து கொடுத்துத் தாத்தா பெயரைப் பள்ளிச் சுவரில் போடச் சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

2 ஜூலை

இனிமேல் கொடுக்கப் போகிறவர்களுக்கு. எல்லாப் பலமும் எழுதும் நாளில்தான் இருக்கிறது, பதிந்த மறுநாள் ஒன்றும் இல்லை.

"இந்தப் பத்திரத் தேதியிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் நூலகக் கட்டடம் கட்டி முடிக்கப்படாவிட்டால் இந்தத் தானம் ரத்தாகி, சொத்து எனக்கோ என் வாரிசுகளுக்கோ திரும்பும். இதற்குத் தானம் பெறுபவர் சம்மதிக்கிறார்." இவ்வளவுதான். ஆண்டுக் கணக்கு வேண்டும். நடந்ததா இல்லையா என்று ஊரே பார்க்கக்கூடிய சம்பவமாக இருக்க வேண்டும். "எனக்குத் திருப்தி இல்லாவிட்டால்", "சரியாகப் பராமரிக்காவிட்டால்" என்றெல்லாம் எழுதினால் முதலாவது உங்கள் விருப்பமாகிவிடும், இரண்டாவது வாய்ச்சண்டையாகும். முக்கியமாக, பெறுபவரின் கையெழுத்து. 126 கேட்பது இரு தரப்பு ஒப்புதல்.

அதற்கு முன்னால் இன்னொன்று. கட்டடத்துக்கு நிதி ஒதுக்கிய ஆணை கைக்கு வரும்வரை பதியாதீர்கள். "இடத்தைக் கொடுங்கள், பணம் தானாக வரும்" என்பார்கள். என் தாத்தா காலத்தில் வந்தது.

3 ஜூலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். "நூலகத்துக்காக மட்டுமே" என்று நோக்கத்தை எழுதுவதும் "இல்லையென்றால் ரத்து" என்று எழுதுவதும் ஒன்றல்ல. முதலாவது மட்டும் இருந்தால் அது நோக்கம், கதர் வழக்கில் இருந்ததுபோல. நிலத்தைத் திருப்பித் தராது. ஆனால் வீண் என்றும் எழுதிவிடாதீர்கள். அந்த இடத்தில் ஊராட்சி கடைகள் கட்டி வாடகைக்கு விடக் கிளம்பினால், அந்த வரியைக் காட்டித்தான் தடை கேட்பீர்கள்.

14 ஜூலை

கேட்டவர் மறுபடி வந்திருக்கிறார். பத்திரத்தின் மூன்றாம் பக்கத்தில் "நூலகம் தவிர வேறு எந்த உபயோகத்துக்கும் பயன்படுத்தக் கூடாது" என்ற வரி இருக்கிறதாம். தலைவரின் கையெழுத்தும் இருக்கிறது. அப்படியானால் ஏற்பு முடிந்த கதை. ரத்தை மறந்துவிடுங்கள். "ஊராட்சியே மனமுவந்து திருப்பி எழுதித் தந்தால்?" என்கிறார். அதுவும் லேசில்லை. ஊராட்சி தன் பெயரிலுள்ள நிலத்தைத் தலைவர் நினைத்தபடி எழுதிக் கொடுக்க முடியாது, அரசு அனுமதி வேண்டும்.

செய்ய வேண்டியது: தகவல் உரிமைச் சட்டத்தில் மனு, பதிலுக்கு 30 நாள். இரண்டே கேள்வி. சொத்துப் பதிவேட்டில் இந்தச் சர்வே எண் இருக்கிறதா? 2009-லிருந்து இந்த நூலகத்துக்கு என்ன முன்மொழிவு போனது? பிறகு ஆகஸ்ட் 15 கிராம சபை. அப்பாவையே கூட்டிக்கொண்டு போங்கள். 78 வயதில் அவர் எழுந்து நின்று "நான் கொடுத்த இடம், நூலகம் எங்கே" என்று கேட்டால், தீர்மானம் போடாமல் யாரும் கலைய மாட்டார்கள். வைக்கோல் போரை அகற்றச் சொல்லியும் அதே தீர்மானத்தில் சேருங்கள். அது இப்போது ஊராட்சி நிலத்து ஆக்கிரமிப்பு. தீர்மானம் வந்த பிறகும் அசையாவிட்டால் உயர் நீதிமன்றத்தில் கட்டளைப் பேராணை, அதாவது கடமையைச் செய் என்று ஊராட்சிக்கு உத்தரவு, கேட்டு மனு. நிலத்தைத் திரும்பக் கேட்டு அல்ல, கட்டச் சொல்லி.

17 ஆகஸ்ட்

கிராம சபையில் தீர்மானம் நிறைவேறியதாம். வைக்கோல் போர் மறுநாளே போய்விட்டதாம். நூலகத்துக்கு முன்மொழிவு அனுப்புவதாகத் தீர்மானத்தில் எழுதியிருக்கிறார்கள். தீர்மான நகலைக் கையெழுத்தோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

23 ஆகஸ்ட்

மேலே 42 சென்ட் என்று எழுதியிருந்தேன். இந்த இழையால் உறுத்தல் வந்து, சார்பதிவகத்தில் மனுப் போட்டு 1961 பத்திரத்தின் நகல் வாங்கினேன். 38 சென்ட். வீட்டில் எல்லாரும் 42 என்றே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

தாத்தாவுக்குக் கையெழுத்துத் தெரியாது, ரேகை. "இன்று முதல் எனக்கும் என் பின் வாரிசுகளுக்கும் யாதொரு பாத்தியமும் இல்லை" என்ற வரிக்குக் கீழே இரண்டு சாட்சிகள். முதல் பெயர் ஊர் மணியக்காரர். இரண்டாவது பெரியப்பா. 23 வயது, மூத்த மகன், தமிழில் அழகாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

பெரியப்பா இறந்து ஒன்பது வருஷமாகிறது. நகலை அவர் மகனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெராக்ஸ் ஒன்று வேண்டும் என்றார். எடுத்துக் கொடுத்தேன்.